தளத்தில் சொல்லக் கூடாதது

மூன்றாம் மாடிக் கூரையின் விளிம்பிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தேன். கோட்டும் மீசையும் துப்பறிவாளருடையவை. உயிர் மட்டும் என்னுடையது.

துப்பறிவாளராக நடித்தவர் கீழே முற்றத்தில் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தரையைவிட்டு மேலே போகும் காட்சிகளில் எல்லாம் அவருக்குப் பதில் நான்.

படம் சிரிப்புப் படம். திருட்டுப்போன வைர மாலையைத் தேடி அவர் பாரிஸ் நகரத்துக் கூரைகளில் எல்லாம் ஓடுவார். மாலை முதலிலிருந்தே அவருடைய நாயின் கழுத்தில் கிடக்கும்.

தலைக்கு மேலே டிக் என்று ஒரு சத்தம்.

நிமிர்ந்து பார்த்தேன். என்னைத் தாங்கிக்கொண்டிருந்த கயிற்றில் ஒரு புரி அறுந்து, காற்றில் மெதுவாக முறுக்கவிழ்ந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டு ஜன்னலில் இருந்த இரண்டாவது காமிரா என் முகத்தை விட்டுவிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. காமிராக்காரன் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. சாகப்போகிறவனின் கண்ணை யாரும் பார்ப்பதில்லை.

கத்தியிருக்கலாமே என்பீர்கள். ஒலியைப் பிறகுதான் சேர்ப்பார்கள், கத்துவதற்குத் தடையில்லை.

ஆனால் எங்கள் படப்பிடிப்புத் தளங்களில் கயிறு என்ற சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த பழக்கம். சொன்னால் அங்கே ஒரு சாவு விழும். வேறு தளங்களில் நூல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். எங்கள் மேஸ்திரி அன்செல்ம் பாதி ஆயுளைக் கப்பலில் கழித்தவர், அதற்கும் விடமாட்டார். "பேர மாத்துனா அதுக்குத் தெரியாதா?" என்பார்.

கயிறு புகைபோக்கியில் கட்டிய கப்பியில் ஏறிக் கீழே முற்றத்துக்கு இறங்கியது. அதன் மறுமுனையை அன்செல்மும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

டிக்.

"அண்ணே, மேல பாருங்க," என்றேன்.

"பாத்துட்டேன்."

"அறுந்துக்கிட்டு இருக்குண்ணே."

"அது அப்படித்தான் இருக்கும். நீ கண்டுக்காத."

"ஏன் அப்படி இருக்கும்?"

அன்செல்ம் வாயைத் திறந்தார். மூடினார். அவர் முகத்தில் வியர்வை இறங்குவது அவ்வளவு உயரத்திலிருந்தும் தெரிந்தது.

"அத நான் எப்படிடா வாயால சொல்றது?"

ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத செய்தி ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும்.

முற்றத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள். ஒப்பனைக்கார ஜெர்மேன் பவுடர் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இயக்குநர் முசியே வியாலார் மட்டும் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்த முகத்த அப்படியே வச்சிரு, செலஸ்தீன். ரொம்ப நல்லாருக்கு."

அவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

டிக். டிக்.

இரண்டு புரிகள் சேர்ந்து போயின. கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழுந்து பறந்தன. நான் ஒரு கை அகலம் கீழே இறங்கியதுபோல் இருந்தது. அது வயிற்றில் நடந்ததா, உண்மையிலேயே நடந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சாவு விழுமென்றால் விழட்டும், எப்படியும் அது என்னுடையதுதான் என்று முடிவுசெய்தேன்.

"கயிறு," என்றேன். "கயிறு அறுந்துபோச்சுடா பாவிகளா. கயிறு."

ஒரு முறை சொல்லியிருந்தாலே போதும்.

அந்தச் சொல் காதில் விழுந்த மறுகணம் மரத்தைத் தொட்டாக வேண்டும். வளர்ந்த ஆண்கள் நான்கு பேர், அதில் ஒருவர் போரில் பதக்கம் வாங்கியவர், பாய்ந்து போய் முற்றத்தின் மரக்கதவைத் தொட்டார்கள்.

இரண்டு கையாலும்.

எனக்கு நேர்கீழே நின்றிருந்த நடிகரின் காருக்குத் துணிக்கூரை. இதை நான் உட்கார்ந்து எழுதுவது அதனால்தான்.

பின்னிருக்கையில் மல்லாந்து கிடந்தேன். என் வலது கால் கால்கள் போகாத ஒரு திசையில் போயிருந்தது. கப்பியை விட்டு நழுவிய கயிறு, அவசரம் ஏதுமில்லாமல், சுருள் சுருளாக என் மார்பின்மேல் வந்து இறங்கியது.

அறுந்த இடம் மூக்குக்கு நேரே வந்து நின்றது.

புரிகளைக் கத்தியால் பாதிவரை அறுத்துவைத்திருந்தார்கள், எல்லாவற்றையும் ஒரே அளவாக. நடுவில் பென்சில் பருமனில் ஓர் எஃகுக் கம்பி, ஒரு குதிரையையே தொங்கவிடலாம், புத்தம் புதிதாக மின்னியது.

கார்க் கூரையின் ஓட்டை வழியாக அன்செல்ம் எட்டிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பாக்கிற ஜனங்க பதறணும்னு டைரக்டர் கேட்டாரு," என்றார். "காலையிலேருந்து உன்கிட்ட சொல்லணும்னுதான்டா சுத்திச் சுத்தி வந்தேன்."