விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

பழைய அச்சகக் கட்டடத்தின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. லாட்ஜ்காரர் அதை அத்தனை வாஞ்சையோடு பார்த்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

அச்சகத்தை அவர் வாங்கியதே இடிப்பதற்குத்தான். குடியிருக்கும் வீட்டை அடகு வைத்து, அச்சகத்தை ஒட்டிய மனையில் நான்கு மாடி லாட்ஜ் கட்டியாகிவிட்டது. தரைக்குக் கீழே ஆழமாகத் தோண்டிச் சமையற்கூடம் வேறு. அடுத்த மாதம் திறப்பு. வண்டி நிறுத்தத்தான் இடமில்லை. அச்சகம் போனால் அந்தக் கவலையும் போய்விடும்.

ஆனால் அச்சகத்தின் வாசலில் நகராட்சி ஒரு பலகையை அறைந்திருந்தது: ‘பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம். சேதப்படுத்துவோருக்குச் சிறைத் தண்டனை.’ சொந்தக்காரரே ஆனாலும் கை வைக்க முடியாது. கட்டடம் ஆபத்தானது என்று நகராட்சியின் கட்டட ஆலோசகர் சொன்னால்தான் உண்டு.

ஆலோசகர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. சுவரை விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை வைத்து, இரு முனைகளையும் சாந்தால் ஒட்டினார்.

“என்ன மேடம், சுவருக்குக் கட்டுப் போடறீங்களா?”

இப்படி யாராவது கேட்டுவிட்டால் போதும், ஆலோசகருக்கு முகம் மலர்ந்துவிடும்.

“விரிசல்ல ரெண்டு வகை சார். எப்பவோ விட்டு, அப்படியே நின்னுபோனது ஒண்ணு. இன்னும் விலகிட்டே இருக்கறது இன்னொண்ணு. பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனா கண்ணாடி வளையாது, இழுபடாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் விட்டுடும், ரெண்டா உடைஞ்சிடும்.”

“யாராவது கல்லை விட்டெறிஞ்சாலும் உடையுமே?”

“உடையும். ஆனா அடி பட்ட இடத்துல சிதறும். சுவர் இழுத்து உடைஞ்சா, விரிசல் போற வழியிலயே ஒரு கோடா விடும். லென்ஸ் வச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும். ஏமாத்தவே முடியாது.”

“கண்ணாடி விட்டா, கட்டடம் ஆபத்துன்னு அர்த்தம். அதானே?”

“ஆபத்துதான். ஆனா அதோட முடியாது சார். இத்தனை காலம் சும்மா நின்ன சுவர் இப்ப ஏன்...”

“ஒரு நிமிஷம் மேடம், போன்” என்று லாட்ஜ்காரர், வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

“சுத்தியலால ஒரே போடு. வேலை முடிஞ்சுது, மாமா” என்றார், அன்று மாலை விஷயத்தைக் கேட்ட அவருடைய மைத்துனர்.

“உன்னைச் செய்யறப்ப மூளையை வைக்க மறந்துட்டாங்க, மாப்ள. கண்ணாடியைத் தொடவே கூடாது. சுவரைத்தான் நகர்த்தணும்.”

தெரு அடங்கிக் கிடந்த ஒரு மதிய வேளையில் இருவரும் வேலையை முடித்தார்கள். விரிசலுக்குள் தட்டையான இரும்பு ஆப்பைச் செருகி, துணி சுற்றிய சுத்தியலால் மெல்லத் தட்ட, ‘டிக்’கென்று ஒரு சத்தம். அடுத்தடுத்து இன்னும் சில. ஆப்பை உருவி, உதிர்ந்த தூளை மைத்துனர் கைக்குட்டையில் வாரிக்கொண்டார்.

அடுத்த முறை ஆலோசகர் நகராட்சிப் பொறியாளரோடு வந்தார். லென்ஸை வைத்து ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்த்தார். கடைசிக் கண்ணாடியில் வெகுநேரம் நின்றார். லாட்ஜ்காரருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“அடி பட்ட தடமே இல்ல” என்று நிமிர்ந்தார் ஆலோசகர். “சுவர் இழுத்துத்தான் விட்டிருக்கு.”

லாட்ஜ்காரர் முந்திக்கொண்டார். “நான் அப்பவே பயந்தேன் மேடம். நாளைக்கு லாட்ஜுக்கு வர்றவங்க தலைமேல விழுந்தா யார் பதில் சொல்றது?”

“அதேதான் சார்” என்றார் பொறியாளர். “இனி இங்க ஒரு ஆளை விட முடியாது. இறக்க வேண்டியதை இறக்கிடணும்.”

“தாராளமா. எனக்கு முழுச் சம்மதம்.”

மறுநாள் காலை நகராட்சி ஆட்கள் கயிறும் அரக்குமாக வந்தார்கள். லாட்ஜ்காரர் காபியோடு லாட்ஜ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். அவர்கள் அச்சகத்தைத் தாண்டி நடந்து வந்து, லாட்ஜின் கதவுக்கு சீல் வைத்தார்கள்.

“ஏம்ப்பா, கண்ணு தெரியலையா? கட்டடம் அந்தப் பக்கம்.”

“சரியான கட்டடம்தான் சார்” என்று பின்னாலிருந்து வந்தார் ஆலோசகர். “அன்னைக்குப் பாதியில போன் வந்துடுச்சே, மீதியைச் சொல்றேன். தலைமுறை தலைமுறையா அசையாத சுவர் இப்ப நகருதுன்னா, பக்கத்துல புதுசா என்ன வந்துச்சுன்னுதான் பார்க்கணும். உங்க லாட்ஜுக்கு ஆழமாத் தோண்டி, மேல நாலு மாடி பாரத்தை ஏத்தியிருக்கீங்க. அடி மண் சரியுது. நாலையும் இறக்கிட்டா, அச்சகம் கல்லு மாதிரி நிக்கும்.”

லாட்ஜ்காரர் காபியைக் கீழே வைத்தார். “சுவர் நகரல மேடம். சத்தியமா நகரல.”

“அது எப்படி உங்களுக்குத் தெரியும்?” ஆலோசகர் நிஜமான ஆர்வத்தோடு கேட்டார். “விளக்கமாச் சொல்லுங்க சார்.”

லாட்ஜ்காரர் வாயைத் திறந்தார். மைத்துனர் அவர் முழங்கையை அழுத்தி, அச்சக வாசலில் இருந்த பலகையைக் கண்ணால் காட்டினார்.

வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, லாட்ஜ்காரர் மெல்ல நகர்ந்தார்.