இன்றைய வசூல்

“கம்ப்யூட்டர் வேலை செய்யலீங்க. அப்புறம் பாத்துக்கலாம், போயிட்டு வாங்க.”

கவுண்டர்க்காரி இதைச் சொன்னபோது அவள் முன்னாலிருந்த கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பணம் போட வந்த இளம் தம்பதி முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்கள்.

அரசாங்கக் கடன் பத்திரம் விற்கும் அந்த அலுவலகத்துக்கு அவள் மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் மேனேஜர் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன், அதுக்கு வட்டி கட்ட இன்னொரு கடன்னு கவர்மெண்ட் இத்தனை வருஷம் ஓட்டியாச்சு. இனிமே தர மாட்டோம்னு எல்லாரும் கையை விரிச்சிட்டாங்க. மேலேருந்து ஒரு பைசா வராது. இன்னிக்கு நம்ம கவுண்டர்ல என்ன விக்குதோ, அதை வச்சுத்தான் முதிர்ந்த பத்திரத்துக்குப் பணம் குடுக்கணும். நாளைக்குக் கதவைத் திறப்போமான்னே தெரியல. வெளியில மூச்சு விடாதீங்க.”

அதற்குப் பிறகு அவளுக்கு விற்க மனசு வரவில்லை. ஏதேதோ சாக்குச் சொல்லி, பணத்தோடு வந்தவர்களையெல்லாம் அனுப்பிவைத்தாள்.

பெரியவர் ஒருவர் மட்டும் நகரவில்லை. முதிர்ந்த பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்றார்.

“சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடக்குறாம்மா. பணம் கட்டினாத்தான் ஆபரேஷனாம். நான் யார்கிட்டயும் பிச்சை கேக்கல, என் பணத்தைத்தானே கேக்குறேன்?”

அவள் கல்லாவை இழுத்துப் பார்த்தாள். ஒரு நோட்டுகூட இல்லை.

அடைக்கிற நேரத்தில் ஓர் அம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். துணிப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“மனை வித்த பணம்மா. இதை விட்டா கையில வேற ஒண்ணும் கிடையாது. போட்டா நிச்சயமா திரும்பி வருமில்ல?”

கவுண்டர்க்காரி பெரியவரைப் பார்த்தாள். அப்புறம் பையைப் பார்த்தாள்.

“வரும்மா. கவர்மெண்ட் எங்க ஓடிப்போயிடப் போகுது?”

பெயர், முகவரி எதையும் கேட்காமல் மளமளவென்று எழுதிப் பத்திரத்தை நீட்டினாள். அந்த அம்மாள் நிம்மதியாக வெளியே போனாள். சூடு ஆறுவதற்குள் அதே நோட்டுக்கட்டுகள் பெரியவர் கைக்கு வந்தன.

“உன் குடும்பம் நல்லா இருக்கணும்மா” என்று கும்பிட்டுவிட்டு அவர் ஓடினார்.

பக்கத்துக் கவுண்டர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“காலையிலேருந்து உன்னைப் பார்த்து எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? கடைசியில நீயும் இப்படித்தானா? நாளைக்கு அந்த அம்மா நடுத்தெருவுல நிப்பாங்களேடி! யார் வீட்டுப் பணத்தை எடுத்து யாருக்குக் குடுத்தே?”

அவள் கல்லாவைச் சாத்திப் பூட்டினாள்.

“எங்க வீட்டுப் பணம்தான்க்கா. அவங்க என்னைப் பெத்தவங்க.”