முள்கரண்டி எங்கே?

"டெஸ்ஸா, ஃபோர்க்கெல்லாம் எங்க?"

லோர்னா மூன்றாவது டிராயரையும் இழுத்துப் பார்த்துவிட்டாள். முள்கரண்டி என்ன, ஒரு ஸ்பூன்கூட இல்லை.

"பாலிஷ் போட எடுத்து வெச்சேன்," என்றாள் தம்பி பெண்டாட்டி டெஸ்ஸா, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல்.

"இன்னிக்கா? தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கா? அது எங்கம்மாவோட வெள்ளி செட்."

"பத்திரமாத்தான் இருக்கு லோர்னா. இன்னிக்குத் தேவைப்படாது."

தேவைப்படாதாம். லோர்னாவுக்குச் சுருக்கென்றது. சிகாகோவிலிருந்து ஆறு மணி நேரம் கார் ஓட்டி, வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் இந்த அயோவா வீட்டுக்கு வருகிறவள் அவள். அம்மா இருந்தவரை அந்த வெள்ளிக் கரண்டிகள் மேஜைக்கு வராத தேங்க்ஸ்கிவிங் கிடையாது.

அம்மா போய் இது மூன்றாவது வருஷம். முதல் இரண்டு வருஷமும் லோர்னா அம்மாவின் பக்குவத்திலேயே, மாவு ஓட்டில் இனிப்புப் பூசணி விழுதை நிரப்பிச் சுடும் பூசணி பை செய்து எடுத்து வந்தாள். அப்பா தொடக்கூட இல்லை. "வயிறு நிறைஞ்சிருச்சும்மா" என்று தட்டை நகர்த்திவிட்டார். பட்டை குறைந்துவிட்டதோ, ஜாதிக்காய் கூடிவிட்டதோ என்று திரும்பிப் போகிற வழியெல்லாம் அழுதிருக்கிறாள். இந்த வருஷம் எப்படியாவது அப்பாவை ஒரு துண்டு சாப்பிட வைத்துவிட வேண்டும்.

அந்த எண்ணத்தோடு தன் பூசணி பையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

முழு வான்கோழியைக் காணோம். அதைத் துண்டு போட்டுச் சின்னச் சின்ன பன்னுக்குள் திணித்திருந்தாள் டெஸ்ஸா. உருளைக்கிழங்கு மசியல் உருண்டையாகப் பொரிந்திருந்தது. பெக்கான் கொட்டை பை ஒரே வாயில் போடுகிற அளவில் குட்டிக் குட்டிக் கிண்ணங்களாக இருந்தது. ஆப்பிள் பையைச் சுருட்டிப் பட்டைச் சர்க்கரையில் புரட்டியிருந்தாள். பூசணி பையோ சோமாசி மாதிரி மடித்து, ஓரம் முறுக்கி அடுக்கியிருந்தது.

"இது தேங்க்ஸ்கிவிங் விருந்தா, இல்ல ஃபுட்பால் மேட்சுக்குக் கட்டின பொட்டலமா?"

"புதுசா இருக்குல்ல? சாப்பிட்டுப் பாரு," என்றான் தம்பி கர்டிஸ்.

"அம்மா பார்த்திருந்தா..."

"விடு லோர்னா."

அப்பா வந்தார். ஸ்வெட்டர் பாக்கெட்டில் விட்ட கையை எடுக்காமலே மகள் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சாப்பாடு ஆரம்பித்தது. அப்பா பன் சாப்பிட்டார், உருண்டை சாப்பிட்டார். அப்புறம் மடித்த பூசணி பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கடித்தார். ஒன்று முடிந்து இரண்டாவது, அதுவும் முடிந்து மூன்றாவது.

லோர்னாவுக்கு வயிறு எரிந்தது. பெற்ற பெண் ஆறு மணி நேரம் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்த பைக்கு வயிற்றில் இடமில்லை. நேற்று வந்தவள் செய்த கூத்துக்கு மட்டும் இடமிருக்கிறதா?

விறுவிறுவென்று காருக்குப் போனாள். வழியில் வாங்கிய சாப்பாட்டோடு வந்த பிளாஸ்டிக் முள்கரண்டி ஒன்று சீட்டில் கிடந்தது. அதை எடுத்து வந்து, தன் பூசணி பையில் ஒரு துண்டு வெட்டி அப்பா முன்னால் வைத்தாள்.

"அப்பா, அம்மா செய்யற மாதிரியேதான் செஞ்சிருக்கேன். எனக்காக ஒரே ஒரு வாய்."

டெஸ்ஸா சட்டென்று எழுந்தாள். "வேண்டாம் லோர்னா..."

"நீ சும்மா இரு. நான் எங்கப்பாகிட்ட கேக்கறேன்."

அப்பா அந்த முள்கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி எடுத்தார்.

அது தட்டில் டகடகவென்று அடிக்க ஆரம்பித்தது.

இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்தார். அப்போதும் நிற்கவில்லை. குத்தியெடுத்த துண்டு வாய்க்குப் போகாமல் சட்டையில் விழுந்தது. அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையை மறுபடி பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

"வயிறு நிறைஞ்சிருச்சும்மா," என்றார்.

போன வருஷம் சொன்ன அதே குரல்.

லோர்னா மேஜையைப் பார்த்தாள். பன், உருண்டை, கிண்ணம், சுருள். முள்கரண்டி தேவைப்படுகிற பண்டம் அதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவள் கொண்டுவந்தது.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டாள் மெதுவாக.

"ரெண்டு வருஷமா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்," என்றான் கர்டிஸ்.

டெஸ்ஸா தலை குனிந்து அப்பாவின் சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லோர்னாவுக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பார்த்தாள்.

"டெஸ்ஸா, அந்த ஃபோர்க்கெல்லாம் நிதானமா பாலிஷ் ஆகட்டும். அவசரமே இல்ல."

சொல்லிவிட்டு, வெட்டிய துண்டைக் கையாலேயே இரண்டாகப் பிய்த்தாள். விரலெல்லாம் பூசணி. ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மறு பாதியை அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் தாங்கிக்கொண்டாள்.

அப்பா சாப்பிட்டார். விரலை நக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியே உங்கம்மா கை," என்றார். "ரெண்டு வருஷமா இதைப் பாத்துக்கிட்டேதாம்மா உக்காந்திருந்தேன்."