பன்னிரண்டில் ஒருவர்

"இந்த இடத்துல காவலுக்கு ஆள் எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க?"

கைடு பெண் விறைப்பாக நிமிர்ந்து நின்றாள். தீவைச் சுற்றிப் பார்க்க வந்த பன்னிரண்டு பேரில் இவர் ஒருவர்தான் இப்படியெல்லாம் கேள்வி கேட்டார். "அஞ்சு மணி வரைக்கும் சார். ரெண்டு பேர் இருப்பாங்க" என்று ஒப்பித்தாள்.

காலையில் படகு ஏறுமுன் மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். இன்றைய கூட்டத்தில் கம்பெனி அனுப்பிய ஆள் ஒருவர் பயணி மாதிரி வருகிறாராம். யார் என்று மேனேஜருக்கே தெரியாதாம். ஏற்கெனவே அவள் மேல் இரண்டு புகார். இன்றைக்கும் குறை எழுதிவிட்டால் சீட்டு கிழிந்துவிடும். அப்புறம் அண்ணன் வீடு, அண்ணியின் அடுப்படி, தண்டச்சோறு என்ற பட்டம்.

ஆளைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் மூன்று, பிள்ளைகளோடு ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம். மிச்சம் இவர்தான். ஐம்பத்தைந்து வயது, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, துணைக்கு யாருமில்லை. கடற்கரைக்கு ஷூ போட்டு வருகிறவர் ஆபீஸராக இல்லாமல் வேறு யாராக இருப்பார்? மனதுக்குள் அந்தப் பெயரையே வைத்துவிட்டாள்.

வானம் காலையிலிருந்தே மூட்டம் போட்டிருந்தது. குன்றின் உச்சியில் மற்றவர்கள் விதவிதமாகப் படம் எடுத்துத் தள்ளினார்கள். ஆபீஸர் கம்பி வேலியைத் தொட்டுப் பார்த்தார். போன மாதம்தான் புதிதாகப் போட்டது என்று அவள் ஓடிப்போய்ச் சொன்னாள்.

மத்தியானம் சுட்ட மீனும் இளநீரும். எல்லோரும் வெளுத்துக்கட்ட, ஆபீஸர் மட்டும் ஒரு துண்டு பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மீன் காலையில் பிடித்ததுதான் என்று அவள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. அவரோ, வீணாக வேண்டாமென்று தட்டை அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிக்குக் கொடுக்கச் சொன்னார்.

கடைசிக் கடற்கரையில் அவர் மெதுவாகக் கேட்டார். "பயணி யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா யாரைக் கேப்பாங்க?"

"என்னைத்தான் சார். என் தலைதான் உருளும்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அவள் வீட்டைப் பற்றி விசாரித்தார். அக்கறையாகக் கேட்டவுடன் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணியைப் பற்றிச் சொல்லக்கூடாததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

நாலரைக்குப் படகு கிளம்ப வேண்டும். தான் இருட்டும் வரை இருந்துவிட்டு ஆறரை மணிக்கு ஊழியர் படகில் வருவதாக ஆபீஸர் சொன்னார். அவள் தயங்கினாள். பன்னிரண்டு பேரையும் எண்ணிக் கூட்டிப் போக வேண்டும் என்பது விதி.

"நான் எழுதித் தர்றேன்மா. உனக்கு ஒரு குறையும் வராது."

குறை வராது என்றதும் அவள் மனசு இளகிவிட்டது. வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டாள். "சார், ஒரே ஒரு நாளை வச்சு முடிவு பண்ணிடாதீங்க."

"ஒரு நாள்ல பண்ணின முடிவு இல்லம்மா."

பழைய புகார்களையும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குப் பகீரென்றது. அவர் ஒரு தாளில் நிதானமாக எழுதி, நாலாக மடித்து அவள் கையில் வைத்தார். படகு பாதி தூரம் போனபின் பிரித்துப் படிக்கச் சொன்னார்.

கரை மங்கலாகும் வரை கஷ்டப்பட்டுப் பொறுத்திருந்துவிட்டு, அவள் தாளைப் பிரித்தாள்.

'இந்தப் பெண் தன் வேலையை நன்றாகச் செய்தாள். ஒவ்வொரு இடத்திலும் எச்சரித்தாள். என்னைத் தனியே விட்டுப் போக அவளுக்கு மனமில்லை, நான்தான் வற்புறுத்தினேன்.'

அண்ணியின் முகம் அவள் கண்ணிலிருந்து விலகியது. நிம்மதியாக மூச்சு விட்டபடி கடைசி வரிக்கு வந்தாள்.

'என் சாவுக்கு யாரும் காரணமில்லை. தயவுசெய்து இவளை வேலையை விட்டு அனுப்பிவிடாதீர்கள்.'