முதல் கையெழுத்து

இலங்கையில் வெங்காயத்துக்கு இறக்குமதி வரியைக் கூட்டியதும், கொழும்புக்குப் போகவேண்டிய மூட்டைகள் திண்டுக்கல் கிட்டங்கியிலேயே அழுகிப்போயின. வியாபாரி கருப்பணன் இடிந்துபோய் வீடு திரும்பினார்.

"அம்புட்டையும் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிட்டேன், சிவனம்மா. அங்கிட்டு வெங்காயம் போடுறவங்க மனுக் கொடுத்துத்தான் வரியக் கூட்ட வச்சாங்களாம். மொதக் கையெழுத்துப் போட்டவன் வெளங்கமாட்டான். அவன் பொண்டாட்டி தாலியறுத்து..."

சிவனம்மாள் பதறி அவர் வாயைப் பொத்தினாள்.

"வேணாங்க. காலையில இலங்கையிலருந்து நம்ம மக கடுதாசி வந்துச்சு. மாப்பிள்ளை அங்க குத்தகைக்கு நெலம் பிடிச்சு வெங்காயந்தான் போட்டிருக்காராம். மொதக் கையெழுத்து அவருதாம். வெலை ஏறிருச்சுன்னு சந்தோசமா எழுதியிருக்கா."

கருப்பணன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தார். சிவனம்மாள் கடுதாசியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"பதில் போடணுமே. என்ன எழுதச் சொல்ல?"

"நல்லா இருக்கோம்னு எழுதச் சொல்லு" என்றார்.