கிணறு சொன்ன விடை

நூற்று நாற்பத்துநாலு அடி உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட எத்தனை வினாடி ஆகும்? தலைகீழாக நின்றும் பாகீரதிக்குக் கணக்குப் பிடிபடவில்லை. இந்தப் பரீட்சையிலும் தோற்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். வலியசாலை வீட்டுக் கிணற்றில் ஒரு கல்லைப் போட்டு எண்ணினாள். மூன்று எண்ணியதும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. புத்தகத்தின் பின்பக்கத்திலும் விடை மூன்றுதான். ஆனால் அந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்ளும் கயிறு மொத்தமே இருபது அடி.

"கிணத்தடியில என்னடி பண்றே?" என்றாள் அம்மா.

"கணக்குப் போடறேம்மா."

மேலே எறிந்த கல்லுக்கு உச்சியில் என்ன வேகம் என்பது அடுத்த கணக்கு. "இதை எப்படிக் கேக்கறது?" என்று கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். போட்ட கல் சொட்டச் சொட்ட மேலே வந்தது. முகத்துக்கு நேராக, அவளுக்குப் புரிகிறவரை நின்றுவிட்டுக் கீழே விழுந்தது.

பாகீரதி கையெடுத்துக் கும்பிட்டாள். நனைந்த நோட்டில் பூஜ்யம் என்று எழுதினாள்.