ஒற்றை நட்சத்திரம்

மலைமேல் இருந்த அந்தத் தங்கும் விடுதியில் மொத்தம் நான்கு அறைகள். மூன்று பூட்டிக் கிடந்தன. நான்காவதில், மாதம் தவறாமல் வருகிற பேராசிரியர்.

"சொர்க்கம்ங்க இது!" என்றார் அவர், ஜன்னலோரம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே டீயை உறிஞ்சி.

விடுதிக்காரருக்கு அழாத குறை.

"நீங்க ஒருத்தர்தான் சார் சொல்றீங்க. இன்டர்நெட்ல எவனெவனோ நாறடிக்கிறான். ஜன்னலைத் திறந்தா குப்பைமேடாம், கட்டில் பூரா மூட்டைப்பூச்சியாம்! எட்டு பேர் எழுதியிருக்கானுங்க, எட்டும் ஒரு ஸ்டார். ஒரு ஈ காக்கா வரல. நீங்களாவது நல்லதா நாலு வரி எழுதக்கூடாதா?"

"நல்லதா எழுதினா ஊரே திரண்டு வந்துடுமே! அப்புறம் எனக்கு ஏது இந்த அமைதி?" பேராசிரியர் உரிமையோடு அவர் தோளைத் தட்டினார். "அந்த எட்டு பேரும் நான்தாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் யோசிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."

விடுதிக்காரருக்கு ரத்தம் கொதித்தது. 'வெளியே போய்யா' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "என்னங்க, சாருக்கு இன்னொரு டீ போடவா?"

பூட்டிய மூன்று கதவுகளையும் ஒருமுறை பார்த்தார்.

"போடு," என்றார். "ஸ்ட்ராங்கா போடு. சாருக்கு அப்படித்தான் பிடிக்கும்."